35 என்று எழுதிய இரண்டு பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொடக்கப்பள்ளி பற்றியவை. எழுதியவர்களில் ஆசிரியர்கள் உண்டு, ஒரு தலைமை ஆசிரியை உண்டு, ஓர் அம்மா, சிங்கப்பூரில் பேத்தி படிக்கும் ஒரு தாத்தாவும் உண்டு. வாராவாரம் பள்ளியில் பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது, அதை யார் எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்தபின் யாரிடம் சொல்வது என்பதைத்தான் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள், 112 பிள்ளைகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த வாரத்துக்கான செய்தி போடுகிறேன். எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவில்லை. இதை எப்படிச் சரி செய்வது டீச்சர்?
– தலைமை ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த அந்த வாரச் செய்தியை இரண்டு முறை படித்தேன். எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு எப்போது முடிக்க வேண்டும், பயிற்சி எந்தத் தேதி, சீருடை அளவு, கழிப்பறைச் சுத்தம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று 14 வரி இருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயர்கூட அதில் இல்லை. 112 பிள்ளைகள் ஐந்து நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், அதில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. ஆசிரியர் மனசில் நிற்பது பிள்ளைதான் அம்மா, தேதி நிற்காது.

தேதியும் படிவமும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவை இல்லாமல் பள்ளி ஓடாது. அவற்றை அலுவலக அறையில் வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஒரு சின்னப் பலகையில் எழுதி வைத்துவிடுங்கள், காலையில் கையெழுத்துப் போடும்போது எல்லோர் கண்ணிலும் படும். வாரச் செய்தியை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஒரே ஒரு வரி எழுதட்டும்: இந்த வாரம் என் வகுப்பில் பிள்ளைகள் எங்கே தடுக்கி நின்றார்கள். எழுத முடியாதவர் குரல் பதிவாக அனுப்பட்டும். அதோடு, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளை யார், வீட்டுக்குப் போய் விசாரித்தது யார் என்பதும் வேண்டும். அப்புறம் ஒன்று, தொடக்கப்பள்ளியில் நிறைய ஓட்டை விழுவது இங்கேதான்: அடுத்த வாரம் எந்த ஆசிரியர் வட்டார வளமையத்துக்குப் பயிற்சிக்குப் போகிறார், அந்த நாளில் அவர் வகுப்பை யார் பார்ப்பார், "பார்த்துக்கொள்வது" என்றால் சும்மா உட்கார வைப்பதா, பாடம் நடக்குமா, நடந்தால் எந்தப் பாடம். இதை வெள்ளிக்கிழமையே பேசிவிட்டால் ஒரு நாள் மிஞ்சும்.

முடிந்தால் இதை நேரில் பேசுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளையும் கதைப் புத்தகங்களோடு ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அதே கூடத்தின் ஓரத்தில் நாங்கள் 20 நிமிடம் உட்காருவோம். ஒருமுறை இரண்டாம் வகுப்பு டீச்சர், "என் பிள்ளைங்க நூற்று மூன்றை 1003 என்று எழுதுறாங்க" என்றார். நான்காம் வகுப்பு சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் வகுப்பிலயும் ஆறு பேர் அப்படித்தான், நான் கவனக்குறைவுன்னு நினைச்சேன்" என்றார். காதில் விழுவதை அப்படியே எழுதுகிறார்கள், நூறுக்கு 100, அதன் பக்கத்தில் 3. கவனக்குறைவு இல்லை, இடமதிப்பு என்பதே இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை இரண்டு வகுப்பிலும் அட்டை வெட்டினோம். 100 என்ற நீள அட்டையின் கடைசிப் பூச்சியத்தின் மேல் 3 என்ற குட்டி அட்டையை வைத்து மூடினால் 103 தெரியும். இரண்டு வருடமாக நான்காம் வகுப்பில் நீடித்த தவறு அது, பிடித்தது அந்த 20 நிமிடப் பேச்சில்தான்.

வளரறி மதிப்பீடு என்பதும் சின்னத் தேர்வு என்பதும் ஒன்றுதானே? நான் பாடம் முடிந்ததும் பத்து மதிப்பெண்ணுக்கு வைக்கிறேன், பதிவேற்றுகிறேன். இதில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று உண்மையாகவே புரியவில்லை.
– இடைநிலை ஆசிரியர், பணியில் மூன்றாம் ஆண்டு, தருமபுரி மாவட்டம்

மூன்றாம் ஆண்டிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டதே, சந்தோஷம். எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

முதலில் இது எப்படி வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பிள்ளை எதைப் புரிந்துகொண்டிருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு இது எட்டாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-லும் செயல்பாட்டுக்கு ஒரு 20, சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுக்கு ஒரு 20. எண் வந்ததும் எல்லோர் கவனமும் எண்ணுக்குப் போய்விட்டது, அது இயல்புதான், எண்ணைத்தானே மேலே கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள், வளரறி. ஒரு செடி வளர்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் போதுமா, வெயில் படுகிறதா என்று பார்ப்பது அது. அறுத்து எடை போடுவது தொகுத்தறி. நம் மொழியில் இதற்கு இவ்வளவு நல்ல சொல் கிடைத்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

சரி, இப்போது ஒரு கணக்கு. மூன்றாம் வகுப்பில் 52 − 27 போடச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருந்தார்கள், சரியான விடை 25. நான் இரண்டு நோட்டிலும் பெருக்கல் குறி போட்டு, சரியான கணக்கை ஐந்து தடவை எழுதிவரச் சொல்லியிருப்பேன், அதுவரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ தோன்றி, ஒருத்தியைக் கூப்பிட்டு "எப்படிம்மா போட்ட, சொல்லு" என்றேன். "7-ல இருந்து 2 போனா 5. 5-ல இருந்து 2 போனா 3" என்றாள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நான்தான் முதல் வகுப்பில் சொல்லியிருப்பேன், அதையே அவள் ஒவ்வொரு வரிசையிலும் செய்திருக்கிறாள், மேலே எது கீழே எது என்று பார்க்கவில்லை. அடுத்து பையனைக் கூப்பிட்டேன். "2-ல இருந்து 7 போகாது டீச்சர், பக்கத்துல கடன் வாங்கினேன், 12-ல இருந்து 7 போனா 5. அப்புறம் 5-ல இருந்து 2 போனா 3." கடன் வாங்கியது சரி, கொடுத்தவரிடம் ஒன்று குறைந்துவிட்டது என்பதை மறந்துவிட்டான்.

இரண்டு பேருக்கும் விடை ஒன்றுதான், ஆனால் தவறு ஒன்றில்லை. அவளுக்குக் கடன் வாங்குதல் என்ற எண்ணமே இன்னும் வரவில்லை, குச்சிக் கட்டை அவிழ்த்துப் பத்து குச்சியைக் கொட்டிக் காட்ட வேண்டும், இரண்டு மூன்று நாள் வேலை. அவனுக்கு 5-ஐ அடித்து 4 எழுதும் பழக்கம் மட்டும் வந்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் பூச்சியம், அதை வைத்துத் திங்கட்கிழமை நான் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் அன்று புரிந்தது. நான் கேட்ட கேள்வியே சரியில்லை. 53 − 27 என்று கொடுத்திருந்தால் அவள் 34 எழுதியிருப்பாள், அவன் 36 எழுதியிருப்பான், நோட்டைப் பார்த்ததுமே யாருக்கு எது என்று தெரிந்திருக்கும். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் கேள்வி இவ்வளவு பேசுகிறது. நீங்கள் அந்தப் பத்து மதிப்பெண் தேர்வை நிறுத்த வேண்டாம், பதிவேற்றமும் நடக்கட்டும். கேள்வியைத் தயாரிக்கும்போது "தப்பாகப் போடும் பிள்ளை என்ன எழுதும்" என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். திருத்தி முடித்ததும், கூட்டிப் போடுவதற்கு முன்னால், மூன்று பிள்ளையையாவது கூப்பிட்டு "எப்படிப் போட்ட" என்று கேளுங்கள். சரியாகப் போட்ட ஒரு பிள்ளையையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் கூப்பிட்டாலே தப்பு என்று அவர்களுக்குப் பழகிவிடும்.

ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் எனக்கே. ஒரே அறை, 38 பிள்ளைகள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது?
– ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

உங்கள் கோபம் நியாயமானது. தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு, அதிலும் மூன்று வகுப்பை ஒருவரே பார்ப்பது தனிச் சுமை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பிக்கொண்டே இருங்கள்.

அதுவரைக்கும் சில வழி சொல்கிறேன். எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர், எட்டு நாளில் 38 பேரும் முடிந்துவிடும். அன்றைய ஐந்து பேரின் பெயரைக் காலையிலேயே கரும்பலகை ஓரத்தில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி முதல் எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள், பாடம் நடக்கும்போது அவர்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாக நில்லுங்கள். அவ்வளவுதான், தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

மொத்த வகுப்பையும் பத்து விநாடியில் பார்க்கச் சிலேட்டைப் போல் ஒன்று கிடையாது. "சுவர்ல ஓடுற பல்லி, எழுதுங்க. தூக்குங்க." 38 சிலேட்டும் மேலே வரும்போது எத்தனை பல்லி, எத்தனை பள்ளி என்று ஒரே பார்வையில் தெரியும். பாதிப் பேர் தப்பு என்றால் உடனே அங்கேயே நிறுத்தி இரண்டு எழுத்தையும் சொல்லிக் காட்டலாம், நான்கு பேர்தான் என்றால் பாடத்தைத் தொடர்ந்துவிட்டு அந்த நான்கு பேரை மதியம் பார்க்கலாம். சிலேட்டை எடுத்துவிட்டு நோட்டு மட்டும் வைத்த பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீளமானது, பதில் சொல்லாமல் இருந்தவர்கள் வாய் திறந்தார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால் ரொம்ப நீளமாகத் தெரியும், மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிப் பழகித்தான் எனக்கு வந்தது.

இன்னொன்று, உட்காருங்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் முறையைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து உண்டு. எனக்கு அதில் அட்டைகளைவிடப் பெரிதாகத் தெரிந்தது, ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்ததும், கரும்பலகை பிள்ளை கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்ததும்தான். கீழே உட்கார்ந்தால்தான் கை தெரியும். "கெ" எழுதச் சொன்னால் காதில் முதலில் கேட்பது க, அதனால் பிள்ளை முதலில் க-வை எழுதிவிட்டு, பிறகு இடது பக்கம் இடம் தேடிக் கொம்பைச் செருகும். நோட்டைப் பார்த்தால் எழுத்து சரியாகவே இருக்கும். அப்படி எழுதும் பிள்ளை சொல்வதெழுதுதலில் ஏன் பின்தங்குகிறது, ஏன் எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன என்று நோட்டு சொல்லாது, எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. டீச்சர் அவளை "அரும்பு" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் "மலர்". அவள் மக்கு என்று அர்த்தமா? வீட்டில் எல்லோரும் அவளைத் திட்டுகிறார்கள்.
– ஓர் அம்மா, ராமநாதபுரம் மாவட்டம்

திட்டுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. அவள் மக்கு இல்லை.

2022 ஜூனில் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வந்தது அது. அதில் அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. உங்கள் மகள் இன்றைக்கு எங்கே நிற்கிறாள் என்று டீச்சர் பார்த்து, அங்கிருந்து கற்றுக்கொடுக்கிறார். மூன்றாம் வகுப்புப் பாடத்தை அவள் தலைமேல் கொட்டாமல் இருக்கிறாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். அரும்பு என்பது நிற்கும் இடம்தான், அங்கேயே நிற்கக் கூடாது. டீச்சரிடம் போய், "எந்த எழுத்து வரவில்லை, எந்தக் கணக்கு வரவில்லை, வீட்டில் நான் எதைக் கேட்கலாம்" என்று கேளுங்கள். பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், பெயரோடு கேளுங்கள். "உயிர்மெய்யில் கொம்பு வரும் வரிசை தடுமாறுகிறாள்" என்று சொன்னால் அது பதில். ஆறு வாரம் கழித்து மறுபடியும் போய் அதே எழுத்துகளைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வைத்துக்கொண்டாலும் இது முடியும், மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எங்கே திக்குகிறாள் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் போதும்.

டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவின் பெயரைப் பிள்ளையின் பெயராக்கிவிடாதீர்கள். "அரும்புங்க எல்லாம் இங்க வாங்க" என்று வகுப்பில் கூப்பிட்டால் அது தெருவரைக்கும் போகும், இந்த அம்மாவின் கடிதமே சாட்சி.

நோட்டுத் திருத்தும்போது மதிப்பெண்ணும் போட்டுக் குறிப்பும் எழுதுகிறேன். பிள்ளைகள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.
– ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், திண்டுக்கல்

நீங்கள் கண்டதை ஓர் ஆய்வே சொல்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து 1988-ல் வெளியிட்டது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள், எண் குறிப்பை விழுங்கிவிட்டது.

அதனால் பதிவேட்டில் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், நோட்டில் குறிப்பை மட்டும் எழுதுங்கள். குறிப்பு என்றால் "நன்று", "கவனம் தேவை" இல்லை, அதைப் படித்துவிட்டுப் பிள்ளை என்ன செய்யும்? "மூன்றாவது பத்தியில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை, பெயரைச் சேர்த்து எழுது." இப்படி எழுதினால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அப்புறம் அந்த வேலையைச் செய்ய மறுநாள் பத்து நிமிடம் கொடுங்கள், கொடுக்காவிட்டால் குறிப்பு எழுதிய உங்கள் மாலை நேரம் வீண். வாரத்துக்கு ஒரு பாடத்தில் மட்டும் இப்படிச் செய்தாலே போதும், ஐந்து பாடத்திலும் செய்ய உடம்பு தாங்காது. சின்ன வகுப்பு டீச்சர்கள் குறிப்பை எழுதவே வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

சிங்கப்பூரில் என் பேத்தி தொடக்கநிலை இரண்டு. தேர்வே இல்லை என்கிறார்கள். தேர்வில்லாமல் படிக்கிறாளா இல்லையா என்று எப்படித் தெரியும்? பயமாக இருக்கிறது.
– ஒரு தாத்தா, காரைக்குடி

பயப்படாதீர்கள் ஐயா. சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது, முன்னேற்ற அறிக்கையிலிருந்து வகுப்பில் எத்தனாவது இடம் என்பதையும் எடுத்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வும் படிப்படியாகக் குறைந்து 2023-ல் மற்ற வகுப்புகளிலும் நின்றுவிட்டது. ஆறாம் வகுப்பில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு இன்னும் இருக்கிறது. தேர்வுக்குப் பெயர் போன நாடே சின்னப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்திருக்கிறது என்றால் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். தேர்வு இல்லை என்றால் மதிப்பீடு இல்லை என்று ஆகாது, வகுப்பில் அன்றாடம் டீச்சர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

நீங்களும் பார்க்கலாம். வாரம் ஒருமுறை காணொளி அழைப்பில் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், கேளுங்கள் மட்டும். முடிந்ததும் கதையில் யாரைப் பிடித்தது என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் அவள் வாசிப்பு எப்படி மாறுகிறது என்று உங்கள் காதுக்கே தெரியும்.

எங்கள் வாரக் கூட்டத்தில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் படிக்கிறார். கடைசியில் வருபவர் எழுந்து நிற்க வேண்டும். போன மாதம் மூன்று வாரம் நான் நின்றேன்.
– பெயரும் மாவட்டமும் வேண்டாம் என்று கேட்டவர்

படித்துவிட்டு நெடுநேரம் இந்தக் கடிதத்தை மடிக்காமல் வைத்திருந்தேன். இது தவறு. மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம், பள்ளிக்கே கேடு என்பது இன்னொரு பக்கம்.

நான் வேலை பார்த்த ஓர் ஒன்றியத்தில் முன்பொரு சமயம் பள்ளி வாரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெரிய தாளில் எழுதிக் கூட்டத்தில் மாட்டினார்கள். முதல் மாதம் உண்மை வந்தது. இரண்டாம் மாதம் எல்லாப் பள்ளியிலும் எண்ணிக்கை பாதியானது. மூன்றாம் மாதம் வாசிக்கத் தெரியாத பிள்ளையே ஒன்றியத்தில் இல்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். நானும் குறைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன், அதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் நான் அடித்துவிட்ட நான்கு பெயருக்கு உதவி கேட்கும் வாயை நானே அடைத்துக்கொண்டேன். "எனக்கு வரவில்லை" என்று ஆசிரியர் சொல்ல முடியாத கூட்டத்தில், பிள்ளைக்கு எது வரவில்லை என்பதும் வெளியே வராது.

உங்கள் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், இன்னொரு மூத்த ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "சார், எண்ணிக்கைக்குப் பதிலாக என் வகுப்பில் தடுமாறும் ஏழு பேரின் நோட்டைக் கொண்டுவருகிறேன், எல்லோரும் பார்த்து ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும், புரிந்துகொள்ளலாம். நோட்டு மேஜைக்கு வந்துவிட்டால் பேச்சு உங்களை விட்டுப் பிள்ளைக்கு நகரும், பல இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் நிற்க வைத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை.

ஈராசிரியர் பள்ளி. நானும் தலைமை ஆசிரியரும்தான். எங்களுக்கு எதற்கு வாரக் கூட்டம்?
– ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

கூட்டம் வேண்டாம், ஒரு 40 பக்க நோட்டு போதும். இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் அவர். பிள்ளை பெயர், தடுக்கிய இடம், என்ன செய்து பார்த்தீர்கள், அவ்வளவுதான். மதிய உணவு நேரத்தில் ஒருவர் எழுதியதை மற்றவர் படியுங்கள். உங்கள் இருவரில் ஒருவர் மாறுதலில் போனாலும் அந்த நோட்டு பள்ளியில் இருக்கும், புதிதாக வருபவர் முதல் நாளே பிள்ளைகளைத் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் நுழைவார்.

அடுத்த இதழுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை, கணக்கோ சொல்வதெழுதுதலோ எதுவானாலும், அப்படியே எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பும் கேள்வியும் போதும். "எப்படிப் போட்ட" என்று கேட்டபோது பிள்ளை சொன்ன பதிலையும் அதே வார்த்தையில் சேர்த்து எழுதுங்கள்.